இயற்பியல் படிக்கும் தங்கை நின்றுவிட நினைக்கிறாள்: ஆர்வம் போய்விட்டதா, வழி தெரியவில்லையா?

கேப்பர்மலை
வியாழன், இரவு 9.40

வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். இப்போது வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கலந்து பேசுவதற்குக் கல்லூரியில் படித்தவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பெண். நான் டிப்ளமோ முடித்துவிட்டுக் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. போன சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது, "அண்ணா, நான் கல்லூரியை விட்டு நின்றுவிடட்டுமா?" என்று கேட்டாள். துணைப்பாடக் கணிதத்தில் இரண்டு அரியர். அவள் வகுப்பில் பாதிப் பேர் இப்போதே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டார்களாம். "எனக்கு இதில் ஆர்வமே இல்லை. இதைப் படித்து என்ன ஆகப்போகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை" என்றாள்.

என்னை உறுத்துவது வேறு. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது அவள் எட்டாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை. ஆனால் அவளுடைய அறிவியல் ஆசிரியை முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: "சூரியனைப் பார்க்காதீர்கள், மரத்தடியில் தரையைப் பாருங்கள்." காலை ஒன்பதரை மணிவாக்கில் தோப்பிலிருந்து கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், முந்திரி இலைகளின் இடுக்கு வழியாக விழுந்த வெயில் பொட்டு ஒவ்வொன்றும் பிறை வடிவத்தில் இருந்தது. தரை முழுக்க நூற்றுக்கணக்கில் பிறைகள். 2011-ல் வந்த தானே புயலில் பழைய மரங்கள் விழுந்த பிறகு அப்பா புதிதாக வைத்த மரங்கள் அவை. அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்கிறது என்று எங்களுக்கு அவள்தான் விளக்கினாள். இயற்பியல் எடுக்கச் சொல்லி அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் பெண்ணுக்கா ஆர்வம் இல்லை? அல்லது என்ன வேலை என்று தெரியாததால் இப்படிப் பேசுகிறாளா? நான் அவளிடம் எதைப் பேசுவது?


நெல்லிக்குப்பம் அப்பா
வியாழன், இரவு 10.25

தம்பி, கசந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் மகன் எம்.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு, பிறகு பி.எட். அவனுக்கு ஆர்வத்தில் குறைவே கிடையாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பான். இன்று 32 வயது. ஆசிரியர் தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்துவிட்டு, இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை செய்கிறான். அவன் வாங்கும் சம்பளத்தைச் சொன்னால் உங்கள் தங்கை இன்றைக்கே நின்றுவிடுவாள்.

நிற்கச் சொல்லவில்லை. பட்டம் வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2 எழுதப் பட்டம் வேண்டும். எப்படியாவது மூன்று ஆண்டை முடித்து, அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பிழைக்கும் வழியைப் பார்க்கச் சொல்லுங்கள். இயற்பியல் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று யோசிக்க நம் வீடுகளில் வசதி இல்லை.


பியூரெட்
வெள்ளி, காலை 6.15

தம்பி, நான் வேதியியல் ஆசிரியையாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் இரண்டு மாதத்திலேயே சிலர் போய்விடுவார்கள். பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் டி.சி. வாங்கிக்கொள்வார்கள். நீட் தேர்வைத் திரும்ப எழுதுகிறவர்களுக்கு எங்கள் வகுப்பறை பஸ் நிலையத்துப் பெஞ்சு மாதிரி. அவர்கள் பஸ் வந்ததும் ஏறிவிடுவார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அவர்களுடைய குறிக்கோள் தெளிவாக இருந்தது, அது எங்கள் துறையில் இல்லை, அவ்வளவுதான்.

நான் தூக்கம் கெட்டது வேறு பிள்ளைகளுக்காக. தினமும் வருவார்கள். செய்முறைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். 40 மதிப்பெண்ணோ 50 மதிப்பெண்ணோ வாங்கித் தேறிவிடுவார்கள். மூன்று ஆண்டில் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எந்தக் கணக்கிலும் அவர்கள் இடைநின்றவர்களாக வரமாட்டார்கள், பட்டம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஆனால் அறிவியலை விட்டு முதல் ஆண்டிலேயே போய்விட்டார்கள். பெஞ்சில் உடம்பு மட்டும் உட்கார்ந்திருந்தது. நெல்லிக்குப்பம் ஐயா சொல்லும் வழி இதுதான். அந்த வழி தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் வீட்டு நிலைமையை அறிந்துதான் அவர் சொல்கிறார். ஆனால் மரத்தடியில் பிறை பார்த்த பெண்ணுக்கு எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

"ஆர்வம் போய்விட்டது" என்று ஒரு மாணவி சொன்னால் நான் உடனே நம்பமாட்டேன். "எப்போதிலிருந்து?" என்று கேட்பேன். பெரும்பாலும் அதற்கு ஒரு நாள், ஒரு வகுப்பு, ஒரு சொல் இருக்கும். உங்கள் தங்கையிடம் இதை மட்டும் கேளுங்கள். புத்திமதி எதுவும் சொல்லாதீர்கள். அவள் தமிழ் வழியில் படித்தவளா என்பதையும் எழுதுங்கள்.


கேப்பர்மலை
சனி, இரவு 11.05

அம்மா, கேட்டேன். நீங்கள் சொன்னதுபோலவே ஒரு நாள் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் பருவம் தொடங்கிய மூன்றாவது வாரம், கணித வகுப்பில் பகுதி வகைக்கெழு. எல்லாம் ஆங்கிலம். ஏன் ஒரு மாறியை மட்டும் அசையாமல் வைத்துக்கொள்கிறோம் என்று எழுந்து கேட்டிருக்கிறாள். தமிழில் கேட்டாள். "இதுகூடத் தெரியாமலா இந்தப் பாடத்துக்கு வந்தாய்?" என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் ஆய்வகத்தைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே மாறுகிறது. நியூட்டன் வளையச் சோதனையில் அவளுடைய அளவீடுதான் வகுப்பிலேயே சரியாக வந்ததாம். அந்த மஞ்சள் சோடியம் விளக்கில் எல்லோருடைய முகமும் எப்படித் தெரியும் என்று கால் மணி நேரம் சொன்னாள். அம்மா உள்ளேயிருந்து, "படிப்பை விடப்போகிற பெண் பேசுகிற பேச்சா இது?" என்றார்.


ஊசுட்டேரி
ஞாயிறு, காலை 8.30

புதுச்சேரியில் கல்வி உளவியல் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் சொல்வதை ஒட்டி அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் சில உண்டு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேப்பர்மலை அண்ணனுக்கு உதவும்.

முதலில் எட்டாம் வகுப்பு. ராபர்ட் டை என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1988-ல் அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். பிறகு அவர்களில் யார் யார் என்ன பட்டம் வாங்கினார்கள் என்று பார்த்தபோது, அறிவியல் சார்ந்த வேலையைச் சொன்ன பிள்ளைகள் இயற்பியல் அறிவியல், பொறியியல் பட்டம் பெறும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 3.4 மடங்கு அதிகமாக இருந்தது. உயிர் அறிவியலில் 1.9 மடங்கு. இதில் என்னை நிறுத்தியது இன்னொரு கணக்கு. கணிதத்தில் நடுத்தரமாக இருந்து அறிவியல் வேலையை மனத்தில் வைத்திருந்த பிள்ளை, கணிதத்தில் சிறந்து விளங்கியும் வேறு வேலையை நினைத்திருந்த பிள்ளையைவிட, இயற்பியல் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வாங்கும் வாய்ப்புக் கூடுதல்: 34 விழுக்காட்டுக்கு எதிராக 19. ஆகவே கணிதத்தில் இரண்டு அரியர் இருப்பதை வைத்து உங்கள் தங்கைக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது, பியூரெட் அம்மா சொன்ன அந்த "ஒரு நாள்". எலைன் சீமோரும் நான்சி ஹியூவிட்டும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், 7 கல்வி நிலையங்களில் 300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நேரில் பேசினார்கள். அறிவியலை விட்டுப் போனவர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு அல்ல. போனவர்களும் தங்கியவர்களும் கிட்டத்தட்ட ஒரே குறைகளைத்தான் சொன்னார்கள், அவற்றில் முன்னால் நின்றது மோசமான கற்பித்தல். தங்கியவர்களுக்கு மட்டும் யாரோ ஒருவர், எதுவோ ஒன்று, சரியான நேரத்தில் கிடைத்திருந்தது.

மூன்றாவது, ஆர்வம் என்ற சொல். ஹிடி, ரென்னிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் ஆர்வம் நான்கு கட்டமாக வளர்கிறது என்று எழுதினார்கள். முதலில் ஒரு நிகழ்ச்சி தூண்டுகிறது. பிறகு சூழல் அதைத் தாங்கிப்பிடிக்கிறது. அதற்குப் பிறகுதான் அது அந்த ஆளின் சொந்த ஆர்வமாகத் துளிர்த்து, வேர் பிடிக்கிறது. எந்தக் கட்டத்திலும் கவனிப்பு நின்றால் அது பின்னோக்கிப் போகும், அழிந்தும் போகும். எங்கள் தாத்தா பாகூரில் நெல் பயிரிட்டவர். நட்ட மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் கட்டாவிட்டால் நாற்று பச்சை பிடிக்காது என்பார். உங்கள் தங்கையை நாற்றங்காலில் இருந்து பிடுங்கி நட்டார்கள். மூன்றாவது வாரத்தில் அவளுக்குக் கிடைத்தது சிரிப்பு.


நெல்லிக்குப்பம் அப்பா
ஞாயிறு, காலை 10.10

ஊசுட்டேரி தம்பி எழுதியதை மதிக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டார். அமெரிக்காவில் இயற்பியலை விடுகிறவன் பெரும்பாலும் அதே கல்லூரியில் பொருளாதாரத்துக்கோ வேறு பாடத்துக்கோ மாறிக்கொள்கிறான். இங்கே பதினேழு வயதில் விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தோடு மூன்று ஆண்டும் கட்டிப்போட்ட மாதிரிதான். பிடிக்காவிட்டால் வெளியே போக வேண்டும், அல்லது உள்ளேயே உட்கார்ந்து ஒப்பேற்ற வேண்டும். பெண் பிள்ளை வெளியே வந்தால் அடுத்த மாதம் வீட்டில் மாப்பிள்ளை பேச்சு எழும். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் 1,000 ரூபாயும் நின்றுபோகும். அதனால்தான் உள்ளேயே இருக்கட்டும் என்றேன்.

என் மகன் கதையையும் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஆர்வம் இருந்தது, எங்கே போவது என்று தெரியவில்லை. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது என்பதையே அவன் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில்தான் கேள்விப்பட்டான். அப்போது அந்தத் தேர்வால் அவனுக்குப் பயன் இல்லை. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்தத் தொகை 2023-ல் உயர்ந்தது, அவன் காலத்தில் குறைவு, ஆனாலும் இருந்தது. தெரிந்திருந்தால் நகையை வைத்தாவது அனுப்பியிருப்பேன். அவனுக்கு வழியைக் காட்ட ஆள் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.


பியூரெட்
ஞாயிறு, காலை 11.40

ஐயா, நீங்கள் இப்போது எழுதியதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். உங்கள் மகனிடம் ஆர்வம் இருந்து போகுமிடம் தெரியாமல் நின்றது. அவனோடு படித்த பலரிடம் போகுமிடம் தெளிவாக இருந்தது, ஆனால் அது கணிதத்துக்கு வெளியே இருந்தது. ஒன்று மட்டும் இருந்து பிழைத்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் செய்த தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்டால் "டீச்சர்" என்பார்கள். அதைக் கேட்டதும் மகிழ்ந்துவிடுவோம். அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் நேரில் பார்த்த ஒரே பட்டதாரி ஆசிரியர்தான் என்பது எனக்குப் பத்து ஆண்டு கழித்துத்தான் உறைத்தது. பார்க்காத வேலையைப் பிள்ளை எப்படிக் குறிக்கோளாக வைத்துக்கொள்ளும்?

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் இல்லை. இரண்டாம் எண், மூன்றாம் எண் என்று சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் வானிலை ஆய்வு மையத்தில் உட்கார்ந்து காற்றழுத்தத்தைப் படிக்கிறவர் யார், அவர் என்ன படித்திருப்பார் என்று வகுப்பில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் வேலைக்கு இயற்பியல் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். 2022-ல் பணியாளர் தேர்வாணையம் அதற்கு அறிவிப்பு வெளியிட்டது. தானே புயலில் தோப்பை இழந்த வீட்டுப் பெண்ணுக்கு இது வெறும் வேலைவாய்ப்புச் செய்தியாக இருக்காது.


வில்லியனூர் விலங்கியல்
ஞாயிறு, மாலை 4.20

என் கதை கொஞ்சம் தலைகீழ். எனக்கு ஆர்வமே இருந்ததில்லை. மருத்துவராக வேண்டும் என்று இருந்தேன், இடம் கிடைக்கவில்லை, விலங்கியலில் போட்டார்கள். முதல் ஆண்டு முழுக்க யாரிடமும் என்ன படிக்கிறேன் என்று சொல்லவில்லை. கேட்டால் "காலேஜ்" என்பேன்.

இரண்டாம் ஆண்டில் கொசுப் புழுவை எண்ணும் களப்பணி ஒன்று வந்தது. சாக்கடையில் கரண்டியை விட்டு மொண்டு, வெள்ளைத் தட்டில் ஊற்றி எண்ண வேண்டும். என்னோடு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆசிரியர் சொன்னார்: "இது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசு. நம் ஊரில் எண்பதுகளில் இதைக் கட்டுப்படுத்த ஒரு பெரிய திட்டமே நடந்தது." எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. என் ஆயாவுக்கு வலது கால் யானைக்கால். புடவையை எப்போதும் தரை பெருக்கும்படி கட்டுவார். கல்யாண வீடுகளுக்கு வரமாட்டார். அது தெய்வக் குற்றம் என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் நெளிந்துகொண்டிருந்தது எங்கள் குடும்பத்தின் துக்கம்.

புதுச்சேரியில் 1975 முதலே நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்தக் களப்பணிக்குப் பிறகுதான் அந்தப் பெயர்ப் பலகையைப் படித்தேன். முதுகலையில் பூச்சியியல் சார்ந்த பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது ஓர் ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக வேலை செய்கிறேன். திட்டம் முடிந்தால் அடுத்த திட்டத்தைத் தேட வேண்டும், அந்தப் பயம் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் இன்று யார் கேட்டாலும் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்வேன்.

அண்ணா, உங்கள் தங்கையிடம் "உனக்கு இயற்பியல் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். நம் வீட்டில் எது அவளை வருத்துகிறது என்று கேளுங்கள்.


முதுநகர்
ஞாயிறு, இரவு 9.15

நான் விட்டவன். வேதியியல், இரண்டாம் ஆண்டோடு நின்றேன். ஆர்வம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். சொல்வதற்கு அது சுலபமாக இருந்தது. உண்மை என்னவென்றால், விடியற்காலையில் அப்பாவோடு கடலுக்குப் போய் வந்து, மீனை ஏலத்தில் விட்டுவிட்டு ஓடுவேன். ஆய்வக வகுப்புக்கு அரை மணி நேரம் தாமதமாகும். தாமதமாக வந்தவன் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டார்கள். கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியவில்லை. அவ்வளவுதான்.

இப்போது ஓர் இறால் பண்ணையில் இருக்கிறேன். தினமும் இரண்டு வேளை தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. உப்புத்தன்மை, கார அமிலத்தன்மை, அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன். விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். இரவு முழுக்கப் பாசியும் மூச்சு விடுகிறது, வெயில் இல்லாததால் ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் காற்றோட்டி நின்றால் ஒரு குட்டையே செத்து மிதக்கும். ஆய்வகத்தில் பியூரெட் குழாயில் சொட்டு எண்ணிய கை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பண்ணைக்கு வந்த பட்டதாரிப் பையன் ஒருவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் சம்பளம் என்னுடையதைவிட அதிகம். அந்தக் காகிதம் என்னிடம் இல்லை.

நெல்லிக்குப்பம் ஐயா காகிதத்தை வாங்கச் சொன்னது சரி. தங்கையை நிற்க விடாதீர்கள். நின்ற பிறகு திரும்பப் போகலாம் என்று நானும் நினைத்தேன்.


வைசியாள் வீதி
திங்கள், காலை 7.50

எங்கள் ஊர்க் கதை ஒன்று. கிரகணம் பார்த்த பெண்ணுக்குப் பிடிக்கும்.

லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக்கோள் கடப்பதைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். வரும் வழியில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்ற செய்தி கிடைத்தது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கினார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 விடியற்காலை சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு போராடித் திரும்பப் பெற்றார்.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்தக் காத்திருப்பின்போது, சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் ஒரு தமிழரிடம் அவர் அந்த முறையைக் கற்றுக்கொண்டார். எழுதிப் பார்க்காமல், மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் முறை அது. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் நீளத்தை அந்த முறை 41 வினாடி மட்டுமே குறைத்துச் சொன்னது. ஐரோப்பிய அட்டவணையோ 68 வினாடி கூட்டிச் சொன்னது. இதை எழுதிவைத்தவரும் லெ ஜாந்திதான். பதினோரு ஆண்டு அலைந்தும் வந்த வேலை நடக்கவில்லை, ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.


நெல்லிக்குப்பம் அப்பா
திங்கள், காலை 8.35

அருமையான கதை, ஐயா. ஆனால் அவரைக் கழகம் அனுப்பியது, பின்னால் ஓர் அரசு இருந்தது. அந்தச் சோழிக்காரருக்கு அது பரம்பரைத் தொழிலாக இருந்திருக்கும். ஊர் அவருக்கு நெல் அளந்திருக்கும். ஆர்வத்துக்குப் பின்னால் யாராவது அளந்துகொண்டே இருந்தார்கள். அதைத்தான் நான் கேட்கிறேன்: நம் பிள்ளைகளுக்கு யார் அளப்பது?


ஊசுட்டேரி
திங்கள், இரவு 10.00

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. அரசு அளக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கான இன்ஸ்பயர் உதவித்தொகையில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் உச்சியில் இருக்கும் ஒரு விழுக்காட்டினருக்கானது. நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் விட்டுப் போகிறார்கள்.

கேப்பர்மலை அண்ணன் இந்த வாரம் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஹல்லமன், ஹராகீவிச் என்ற இருவர் 2009-ல் அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதி மாணவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை, தாங்கள் படித்த அறிவியல் தங்கள் சொந்த வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று எழுதினார்கள். மற்றவர்கள் பாடச் சுருக்கத்தை மட்டும் எழுதினார்கள். தன்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த எழுத்து உதவியது: ஆர்வமும் மதிப்பெண்ணும் உயர்ந்தன. ஒன்றைக் கவனியுங்கள், ஆசிரியர் சொல்லித் திணிக்கவில்லை. பிள்ளையே தேடி எழுதியது. உங்கள் தங்கையை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தமிழில். திருத்தாதீர்கள்.


கேப்பர்மலை
பதின்மூன்று நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எனக்கு இரவு ஷிப்ட் போட்டிருந்தார்கள்.

இந்த இழை முழுவதையும் தங்கைக்குக் காட்டினேன். வில்லியனூர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். வானிலைத் துறை வேலையைப் பற்றி நான் ஆசையாகச் சொன்னேன், புயலைப் பற்றி எழுதுவாள் என்று நினைத்தேன். "தானே புயல் வந்தபோது எனக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்றும் நினைவில்லை, உங்களுக்குத்தான் நினைவிருக்கிறது" என்று சொல்லிவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எங்கள் பம்புசெட் மோட்டாரைப் பற்றி. போன கோடையில் இரண்டு முறை காயில் கருகியது. இரண்டு முறையும் ரீவைண்டிங் கடைக்காரர் "வோல்டேஜ் குறைவு" என்றார். அப்பாவுக்கு அது புரியவே இல்லை. கரண்ட் குறைவாக வந்தால் சூடும் குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு இவள் பதில் எழுதியிருக்கிறாள். மோட்டார் அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் அந்த வேலையைச் செய்ய அது அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. சூடு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே குறைந்த அழுத்தம்தான் காயிலைக் கருக்குகிறது. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினாள். அவர் "அப்படியா" என்று கேட்டுவிட்டு, மறுநாள் தோப்பில் பக்கத்து நிலத்துக்காரரிடம் தானே கண்டுபிடித்ததுபோல விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒரு கேள்வி எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறாள். இது நேர்மின்னோட்டம் அல்ல, மாறுமின்னோட்டம். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. அப்போது என் கணக்கு எவ்வளவு தவறு? அதைக் கண்டுபிடிக்கக் கலப்பெண்ணும் வகைக்கெழுச் சமன்பாடும் வேண்டுமாம். "அந்த இரண்டு அரியரில்தான் அண்ணா இது இருக்கிறது" என்றாள்.

முடிவு எதுவும் எடுக்கவில்லை. நவம்பரில் இரண்டு தாளையும் எழுதுகிறேன், தேறாவிட்டால் மறுபடி பேசலாம் என்றாள். குரூப் 4 புத்தகம் மேசையில் இருக்கிறது, அதையும் படிக்கிறாள். அதை மூடி வைக்க நான் சொல்லவில்லை. ஜாம் தேர்வு என்றால் என்ன என்று நெல்லிக்குப்பம் ஐயாவின் மகனிடம் போனில் கேட்க முடியுமா என்று கேட்டாள். முடியுமா ஐயா?

இன்னும் ஒன்று. திருப்பாதிரிப்புலியூர் பக்கத்தில் துணைப்பாடக் கணிதத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா? டியூஷன் நிலையங்களில் கேட்டேன், எல்லோரும் நீட், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்கிறார்கள்.


நெல்லிக்குப்பம் அப்பா
ஞாயிறு, இரவு 9.55

அவன் பக்கத்தில்தான் இருக்கிறான். போனில் வேண்டாம், நேரில் வரச் சொல்லுங்கள் என்கிறான். பழைய நோட்டுகளைப் பரணில் இருந்து இறக்கிக்கொண்டிருக்கிறான். நான்கு வருடமாக அந்தப் பெட்டியைத் தொடாதவன். உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.


பியூரெட்
ஞாயிறு, இரவு 10.20

நான் மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறேன். எனக்குக் கணிதம் அவ்வளவு வராது. ஆனால் என்னோடு ஓய்வுபெற்ற கணித ஆசிரியை இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், கேட்டுவிட்டேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்கையை அழைத்து வாருங்கள், தம்பி. ஐயாவின் மகனும் அன்றே வரட்டும், எல்லோரும் ஒரே மேசையில் உட்காரலாம். அரியர் வினாத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கத்தையும்.